அடுக்களைக்கு ஒரு தரை

எங்கள் இல்லத்தில் இரவு உணவு முடிந்ததும், உணவறையிலேயே முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வது பல்லாண்டு வழக்கம். அவ்வேளையில் மணி என்னும் எங்கள் முதிய நாய் அம்மாவின் நாற்காலியோரம் வந்து படுத்துக்கொள்ளும். பெரும்பாலும் மூன்றாம் தேவ இரகசியத்திற்குள் உறங்கிவிடும். 2024-ஆம் ஆண்டு தவக்காலத்தில் ஒரு நாள் முதல் அது வருவதை நிறுத்திக்கொண்டது. நிலைப்படியில் நின்று எங்களையே பார்க்கும். அழைத்தால் வாலை ஆட்டும். உள்ளே ஓர் அடியும் எடுத்து வைக்காது. வயதாயிற்று, அதனால்தான் என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். உண்மைக் காரணம் எங்கள் கால்களின் கீழே கிடந்ததை உணர்ந்தோமில்லை.

1986-இல் இவ்வீட்டைக் கட்டியபோது அடுக்களைக்கும் உணவறைக்கும் சிவப்பு ஆக்சைடு கலந்த சிமெண்டுத் தரையே இட்டிருந்தோம். கொத்தனார் மணிக்கணக்கில் குந்தியிருந்து கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய தரை அது. கோடையிலும் குளிர்ந்திருக்கும். முப்பத்தெட்டு ஆண்டுகளில் அது பாளம் பாளமாக வெடித்துவிட்டது. வெடிப்புகளில் எறும்பு குடிபுகுந்தது. ஆகவே, பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றில் பணிபுரியும் எங்கள் மகன் தன் சேமிப்பிலிருந்து பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ் வாங்கி, கூடம், உணவறை, அடுக்களை மூன்றிலும் பதித்துக் கொடுத்தான். வந்தவர் அனைவரும் முகம் பார்க்கலாம் போலிருக்கிறதென்று புகழ்ந்தனர். நாங்களும் மகிழ்ந்தோம்.

மணியோ அத்தரையில் நான்கு எட்டு வைப்பதற்குள் பின்னங்கால்கள் இரண்டும் இருபுறமாய் விரிந்து விழும். இளையதான கருப்பன் ஓடிவந்து சறுக்கிச் சுவரில் மோதும். அதைக் கண்டு பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்தோம் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. பாஸ்கா விழா கழிந்த இரண்டாம் வாரம், நாய்களின் தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து சிந்திய நீரில் அம்மாவின் கால் வழுக்கியது. எண்பத்தொரு வயது. வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தார். நாய்களைக் கொல்லைப்புறத்தில் கட்டிவிடலாமென்று நாங்கள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. "அதுகளை வையாதீங்க கண்ணு. மணி அப்பவே சொல்லுச்சு. நாமதான் கேக்கல" என்றார்.

அச்சொல்லுக்குப் பின் கால்நடை மருத்துவரிடம் மணியை அழைத்துச் சென்றோம். நாயின் பிடிப்பு அதன் உள்ளங்கால் மெத்தையில்தான் உள்ளது. நகம் நீண்டுவிட்டால் விரல்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டு, மெத்தை தரையில் சரிவரப் பதியாது. விரலிடுக்கில் முடி வளர்ந்தாலும் அவ்வாறே. முதிய நாய் மீண்டும் மீண்டும் சறுக்கினால் இடுப்பு மூட்டு வலிக்கும். வலித்த இடத்திற்கு அது மறுபடி வராது. நகத்தையும் முடியையும் வெட்டிவிட்ட அவர், "தரையையும் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

புதுத் தரையைப் பெயர்ப்பதா? மகனின் பணம் அது. அவனிடம் எப்படிச் சொல்வதென்று ஒரு வாரம் தயங்கினோம். ஆனால் அம்மாவின் மாவுக்கட்டை அவனும் தினம் பார்த்துக்கொண்டிருந்தவன்தானே. கூடத்தை விட்டுவிட்டு, உணவறையையும் அடுக்களையையும் மட்டும் மாற்றுவதென முடிவாயிற்று. மொத்தம் இருநூற்று நாற்பது சதுர அடி.

நாயுள்ள வீடென்றால் முதலில் எல்லாரும் சொல்வது, நகம் தரையைக் கீறிவிடும் என்பது. இது பாதி உண்மை. ஜெர்மானியரான பிரெடரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை அளவையில் ஒன்று முதல் பத்து வரை படிகள் உண்டு. நகம் ஏறக்குறைய இரண்டரை. சலவைக்கல் மூன்று. கிரானைட் ஆறுக்கு மேல். ஆகவே நகத்தால் கல்லைக் கீற இயலாது. ஆனால் வாசலிலிருந்து பாதத்தில் ஒட்டி வரும் மணலின் கடினம் ஏழு. அதுவே சலவைக்கல்லையும் டைல்ஸின் மெருகையும் தேய்க்கிறது. வாசலில் ஒரு முரட்டுச் சாக்கு மிதியடி கிடந்தால் பாதித் தொல்லை ஒழியும்.

சலவைக்கல்லை நாங்கள் வேண்டாமென்றதற்கு வேறு காரணமும் உண்டு. தாஜ்மகாலுக்குச் சென்ற மக்ரானாக் கல்லேயாயினும் அது சுண்ணாம்பு இனம். புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் சிந்திய இடத்தில் மெருகு அழிந்து வடு விழும். கடப்பைக் கல்லும் ராஜஸ்தானத்துக் கோட்டாக் கல்லும் அவ்வினமே. ரசம் வைக்காத வீடு நம்மிடையே ஏது? காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கற்களின் அழகில் எங்களுக்குப் பெரும் ஆசை இருந்தது. சூளையில் சுடாமல், கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையால் செய்து நீரில் ஊறவைக்கும் கல் அது. ஆனால் நீரையும் கறையையும் உறிஞ்சும். எண்ணெயும் மஞ்சளும் சிந்தும் அடுக்களையில் இட மனம் துணியவில்லை. மரப்பலகை போன்ற லேமினேட் தரை வாளி நீர் ஊற்றிக் கழுவும் வீட்டிற்கு ஆகாது, ஓரங்கள் ஊதிவிடும்.

திருப்பூரில் தரை பார்ப்பவர் தண்ணீரையும் பார்க்க வேண்டும். பாசனத்திற்கென நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப் போனதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் நம் குடும்பங்கள் மறந்திரா. மூடிய நாள்களில் வேலையிழந்தோரும் நம் பங்குகளில் இருந்தனர். ஆயினும் மண்ணுக்குள் இறங்கிய உப்பு ஆணைக்குக் கட்டுப்பட்டு உடனே வெளியேறுவதில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரால் கருங்கல்லைத் துடைத்தால், காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும். அதைப் போக்க ஆசிட் ஊற்றுவோர் பலர். ஆசிட் சலவைக்கல்லையும் டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமெண்டையும் அரிக்கும். நாயின் பாதத்தையும் புண்ணாக்கும். எனவே உப்புப் படலம் எளிதில் தெரியாத சாம்பல் கலந்த மணல் நிறத்தையே தேடினோம்.

இறுதியில் மீண்டும் விட்ரிஃபைட் டைல்ஸையே தேர்ந்தோம். ஆனால் மெருகற்ற மேட் வகையை. நூற்றுக்கு அரைப்பங்கு நீரைக்கூட உறிஞ்சாத பொருள் அது. பெட்டியின்மேல் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று அச்சிட்டிருப்பதை அதற்குமுன் நாங்கள் கவனித்ததேயில்லை. எண்ணெய் தடவிய சாய்தளத்தில் ஆளை நடக்கவிட்டு, எத்தனை பாகைச் சாய்வில் கால் வழுக்குகிறதென அளக்கும் ஜெர்மானிய முறை அது. ஆர் 10 என்றால் பத்துப் பாகைக்கு மேல் பத்தொன்பது வரை. ஆர் 11 இருபத்தேழு வரை. ஆனால் அச்சோதனை காலணியோடு நடப்பவருக்கானது; வெறுங்காலில் நடக்கும் நமக்கன்று, மணிக்குமன்று. ஆகவே ஒவ்வொரு வகையிலும் நான்கு கற்கள் வாங்கி வந்து, முற்றத்தில் பரப்பி, நீரூற்றி, மறுமுனையில் ஒரு பிஸ்கட்டை வைத்தோம். மணி ஆர் 9-இன்மேல் ஒரு காலை வைத்துப் பின்வாங்கியது. ஆர் 10-இல் நிதானமாகக் கடந்து சென்று பிஸ்கட்டைத் தின்றது. ஆர் 11-ஐயும் கடந்தது. ஆயினும் முழந்தாளிட்டுப் பார்த்தபோது அது எங்களுக்குச் சற்று உறுத்தியது. உணவறைக்கு ஆர் 10, நீர் சிந்தும் அடுக்களைக்கு ஆர் 11 என்று தீர்ந்தது.

டைல்ஸ் மேஸ்திரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாய்க்கு டைல்ஸ் புடிச்சிருக்கான்னு கேட்டுப் போடற மொத வூடு இதுதானுங்க" என்றார். இடுக்குகளுக்குச் சிமெண்டுக்குப் பதில் எபாக்ஸி பூசச் சொன்னவரும் அவரே. விலை கூடுதல்தான். ஆனால் மஞ்சளும் நாயின் சிறுநீரும் சிமெண்டில் ஊறுவதுபோல் எபாக்ஸியில் ஊறுவதில்லை.

நாயை உணவறைக்குள் விடுவதே தகாது என்ற உறவினரும் உண்டு. மேசையிலிருந்து விழும் துணுக்குகளைப் பற்றி ஆண்டவரிடமே வாதாடிய கானானியப் பெண்ணை அவர்களுக்கு நினைவூட்டினோம்; அடுப்பருகே விடுவதில்லை என்றும் சொல்லிவைத்தோம்.

சொரசொரத் தரையில் ஒரு குறையும் கண்டோம். நம் ஊர்க் காற்றிலுள்ள பஞ்சுத் தூசியும் நாய்முடியும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. பெருக்குமாற்றுக்கு வேலை அதிகம். துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட்டில் பருத்தித் துணியாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்தது நீரை இழுப்பதில்லை. துடைத்த தரை காயும்வரை நாய்களை வெளியே நிறுத்துகிறோம், பினாயில் பட்ட பாதத்தை நக்கிவிடக் கூடாதென்று.

வேலை முடிந்த மூன்றாம் இரவு மணி நிலைப்படியில் வந்து நின்றது. அம்மா செபமாலையை நிறுத்தவில்லை. இடக்கையால் நாற்காலியோரத்தை மட்டும் தட்டினார். அது மோந்து பார்த்து, ஒரு காலை வைத்து, பிறகு மற்றக் கால்களையும் வைத்து நடந்து வந்து படுத்தது.

கூடத்தில் இன்னமும் பழைய பளபளப்பே உள்ளது. அதன் நடுவே அம்மாவுக்கும் மணிக்குமாக ஒரு நீண்ட பாய்விரிப்பு போட்டிருக்கிறோம். மிஞ்சிய ஆறு டைல்ஸ்களை மாடிப்படியின் கீழ் பத்திரமாக வைத்துள்ளோம். பின்னாளில் ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைப்பதில்லை.