ஷெங்கன்: விசாவுக்குப் பெயர் தந்த கிராமம்

ஐரோப்பா டூர் என்றதுமே காதில் விழும் வார்த்தை ‘ஷெங்கன் விசா’. ஏதோ சட்டத்தின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓர் ஊர். லக்சம்பர்க் நாட்டில், மோசெல் ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்ன கிராமம். எதிர்க்கரை ஜெர்மனி, ஆற்றோரமாகவே தெற்கே நடந்தால் பிரான்ஸ். 1985 ஜூன் 14 அன்று இந்த ஆற்றில் நின்ற ‘பிரின்சஸ் மேரி ஆஸ்ட்ரிட்’ கப்பலில்தான், எல்லைச் சோதனையைப் படிப்படியாகக் கைவிடுவதென்று ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. இன்று 29 நாடுகள் இதில் இருக்கின்றன.

பாலத்தைத் தாண்டி ஜெர்மனியில் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். (இப்போது சில நாடுகள் தற்காலிகச் சோதனை வைப்பதால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.) ஆனால், அந்தப் பாலம் வரை போவதற்கு நாம் சுமக்க வேண்டிய காகிதக்கட்டு இருக்கிறதே! வங்கிக் கணக்கு விவரம், ஆபீஸ் லீவு கடிதம், தங்குமிட புக்கிங், 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. கட்டணம் 90 யூரோ; விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்ப வராது.

இத்தனையும் தாண்டி விசா கிடைத்தவுடன் பலர் தேதியை மட்டும் பார்த்துவிட்டு பாஸ்போர்ட்டை மூடிவிடுகிறார்கள். அந்த ஸ்டிக்கரில் இன்னும் இரண்டு கட்டங்கள் உண்டு. எத்தனை முறை நுழையலாம் என்ற இடத்தில் ‘01’ என்றிருந்தால், பாரீஸிலிருந்து லண்டனுக்கு எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பாரீஸ் வர முடியாது. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. அடுத்தது, தங்கும் நாட்கள். விசா ஒரு மாதம் செல்லும் என்றிருக்கும். தங்க அனுமதி 12 நாளாக இருக்கும். இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் கணக்கில் சேரும்.

மகளின் பிரசவத்துக்காகப் போகும் அம்மாக்கள்தான் இதில் அதிகம் கவனிக்க வேண்டும். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் அனுமதி. ‘மூணு மாசம்’ என்று ஜூலை 1-ல் போய் செப்டம்பர் 30-ல் திரும்ப டிக்கெட் போட்டால் 92 நாள் ஆகிவிடும். செப்டம்பர் 28-க்குள் வெளியேற வேண்டும். இல்லையென்றால் அபராதம், நுழையத் தடை என்று போகலாம். பேரன் முதல் பிறந்தநாளுக்கு விசா கேட்கும்போதும் அது குறுக்கே நிற்கும்.

ஒரு நல்ல செய்தி. மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு, இரண்டு வருடம் செல்லுபடியாகும், பலமுறை போய்வரக்கூடிய விசா தரும் விதி 2024 ஏப்ரலில் வந்திருக்கிறது. அதனால் பழைய பாஸ்போர்ட்டைப் பரணில் போட்டுவிடாதீர்கள். விண்ணப்பிக்கும்போது அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.