காற்றுக்கு எதிரே

எனக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது. இந்த வயதில் சைக்கிள் ஓடினேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சகோதரிகளே, நான் ஓடியது உண்மை. அதுவும் ஒரு தீவைச் சுற்றி!

பெரிய தீவு என்று நினைத்துவிடாதீர்கள். மட்டக்களப்பு நகரின் பழைய பகுதியான புளியந்தீவுதான் அது. சுற்றிலும் வாவி. பாலத்தில் பஸ் ஏறி இறங்கிவிடுவதால் அது தீவு என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. நகரில் வேலை பார்க்கும் என் மகள்தான், "வாங்க உம்மா, அஸருக்குப் பிறகு ஒரு சுற்றுச் சுத்திட்டு வருவம்" என்று இழுத்தாள். அவளுடைய சைக்கிள் ஒன்று, வீட்டுக்காரம்மாவிடம் இரவல் வாங்கியது ஒன்று.

நான் சைக்கிள் பழகியது கரடியனாற்றில். எங்கள் ஊர் ஏறாவூர். வாப்பாவின் வயல் கரடியனாற்றுப் பக்கம் இருந்தது. செங்கலடிச் சந்தியில் திரும்பி, கறுத்தப்பாலம் கடந்து, பன்குடாவெளி, இலுப்படிச்சேனை என்று வாப்பா சைக்கிளிலேயே போய் வருவார். பள்ளிக்கூட விடுமுறையில் என்னையும் முன்னால் பாரில் ஏற்றிக்கொள்வார். எட்டு வயதில் வாய்க்கால் கட்டில் வைத்து, பாருக்குக் கீழால் காலை விட்டு உழக்கப் பழக்கினார். இரண்டு தடவை வாய்க்காலுக்குள் விழுந்தேன். பெரியபிள்ளையானதும் உம்மா நிறுத்திவிட்டார். வாப்பா ஒன்றும் பேசவில்லை.

பிறகு 1990 வந்தது. அந்த ஆகஸ்டில் எங்கள் ஊர் பட்டதை இங்கே எழுதும் தைரியம் எனக்கு இல்லை. வயலுக்குப் போகும் பாதை அறுந்தது. கரடியனாறு என்ற பெயர் எங்கள் வீட்டில் தாழ்ந்த குரலில் மட்டுமே சொல்லப்பட்டது. வாப்பாவின் சைக்கிள் கோடிப்புறத்தில் சாய்ந்தபடி துருவேறியது. 2007க்குப் பிறகு பாதை திறந்தபோது அவருக்கு உழக்க முழங்கால் இல்லை. பஸ்ஸில்தான் போனார்.

சரி, சுற்றுக்கு வருகிறேன். முதல் கவலை அபாயா. அதன் விளிம்பு செயினில் சிக்கினால் விழுவது நிச்சயம். செயின் கவர் உள்ள லேடீஸ் சைக்கிளாகப் பாருங்கள். நான் போதாக்குறைக்கு இரண்டு சேப்டி பின்னும் குத்திக்கொண்டேன்.

கோட்டைப் பக்கமாகத் திரும்பினோம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. பின்னாளில் கச்சேரி நடந்ததும் அதற்குள்ளேதான். காணி அலுவலாக எத்தனை நாள் அந்த மதிலோரம் கால் கடுக்க நின்றிருக்கிறேன்! அது கோட்டை என்று அன்றைக்குத்தான் கண்ணுக்குப் பட்டது. கையில் கடுதாசிக் கட்டு இருந்தால் வேறு எதுவும் தெரியாது போலிருக்கிறது.

அந்தச் சுற்றில் வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலையையும் பார்த்தோம். 1814இல் வந்து பள்ளிக்கூடம் தொடங்கியவர், அடுத்த வருடமே இங்கே இறந்துபோனார். "அவ்வளவு கொஞ்ச நாளா?" என்றாள் மகள். அந்தப் பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி.

வீதி எல்லா இடத்திலும் கரையை ஒட்டிப் போவதில்லை. உள்ளே ஒழுங்கைக்குள் திரும்பி மறுபடி கரைக்கு வரவேண்டும். ஒரு திருப்பத்தில் கருவாட்டு வாடை, அடுத்ததில் மல்லிகைப் பந்தல். தோணியில் நின்றபடி ஒருவர் வலை வீசினார். வலை விரிந்து விழும்வரை பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். மட்டக்களப்புக்குப் போய்ப் பாடும் மீனைக் கேட்டீர்களா என்பீர்கள். எனக்குக் கேட்டது என் மூச்சிரைப்பு மட்டும்தான்.

ஏனென்றால், தட்டையான தீவு என்று மகள் சொன்னது பாதிதான் உண்மை. மேடு பள்ளம் கிடையாது. ஆனால் அது கச்சான் காலம். போகும்போது முதுகைத் தள்ளிய காற்று, திரும்பும் பாதியில் முகத்தில் அடித்தது. பல்லைக் கடித்து உழக்கினேன். கரியரில் நெல் மூட்டையோடு வாப்பா எப்படி ஓடினாரோ! மகள் இறங்கித் தள்ளலாம் என்றாள். நான் மாட்டேன் என்றேன். பாலத்தடிக்கு வந்தபோது முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது, நின்று நின்று வந்ததையும் சேர்த்து.

அன்றிரவு ஏறாவூருக்குப் போன் எடுத்தேன். வாப்பாவுக்கு இப்போது காது மந்தம். விழுந்தாயா, ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் கேட்பார் என்று பயந்திருந்தேன். கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "கச்சான் அடிச்சுதா மகள்?" என்றார்.

"ஓம் வாப்பா, வரக்குள்ள முகத்துல."

"அப்ப மறுபக்கமாச் சுத்தியிருக்கணும். காத்துக்கு எதிரான பக்கத்தை, காலில் பலம் இருக்கக்குள்ளயே முடிச்சிரணும்."