கண் இருளும் கணம்

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் இரவுக் கார் பந்தயம் நடந்தது. அப்போது வந்த படங்களில், கார் மட்டும் துல்லியமாக நிற்க, பின்னணி விளக்குகள் கோடுகளாக ஓடியவைதான் என் மனதில் தங்கின. இதைப் பேனிங் என்பார்கள். சோழவரத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்தே பந்தயப் படம் எடுக்கும் ஒருவர் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறார் என்று நண்பர் அழைத்துப்போனார்.

காலையிலேயே கிரீன்வேஸ் சாலையில் மரநிழலில் நின்றிருந்தார். "வெயில் ஏறிட்டா ஷட்டரை முப்பதுல வெக்க முடியாது தம்பி, வெளுத்துடும்" என்றார். திரு.வி.க. பாலத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அங்கே பின்னால் வானமும் அடையாறும்தான். கோடாக இழுபட ஒன்றுமில்லை. மரமோ சுவரோ போஸ்டரோ மெட்ரோ தடுப்போ இருந்தால்தான் வேகம் தெரியும்.

மணிக்கு 36 கிலோமீட்டரில் வரும் ஆட்டோ நொடிக்கு 10 மீட்டர் நகர்கிறது. ஆயிரத்தில் ஒரு நொடியில் எடுத்தால் அதற்குள் ஒரு சென்டிமீட்டர்தான் போயிருக்கும். படத்தில் ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பதாகவே தோன்றும். முப்பதில் ஒரு நொடியிலோ ஓர் அடிக்குமேல் போய்விடும். அந்த ஓர் அடியைக் கேமராவும் கூடவே கடந்தால் ஆட்டோ தெளியும், சாலை கரையும்.

ஷட்டரை அழுத்த வேண்டிய இடத்தைப் பார்த்துக் காலை ஊன்றி, வண்டி வரும் பக்கம் இடுப்பை மட்டும் திருப்பி, தூரத்திலேயே அதை வியூஃபைண்டரில் பிடித்துக் கூடவே வரவேண்டும். அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது.

என்னை ஆட்கொண்டது வேறு. எஸ்.எல்.ஆர். கேமராவில் ஷட்டர் திறக்கும்போது உள்ளிருக்கும் கண்ணாடி எழும்பி வியூஃபைண்டர் இருண்டுவிடுகிறது. படம் பதியும் கணத்தில் எடுப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வண்டியின் வேகத்தை உடம்புதான் ஞாபகம் வைத்துக்கொண்டு திரும்புகிறது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் வருவதற்கு முன், சோழவரத்தின் பழைய போர்க்கால விமான ஓடுபாதையில் அவர் இதைக் கற்றார். கையில் நிக்கான் எஃப்.எம்.2, சுருளுக்கு 36 படம். பாதையில் ஒரு தார்த் தழும்பைப் பார்த்து முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிடுவாராம். ஃபிலிம் வாங்கக் காசில்லாத நாட்களில் வெறும் கேமராவோடு மந்தைவெளி பஸ்களைத் தொடர்ந்து திரும்பித் திரும்பிப் பழகியிருக்கிறார்.

இப்படிக் கற்றவரின் படத்தை ஒரு தரகர் சொற்பத் தொகைக்கு வாங்கி, காலண்டர், விளம்பரப் பலகை என்று மறுபடி மறுபடி விற்றிருக்கிறார். எதிலும் எடுத்தவர் பெயரில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவருக்கே சொந்தம். ஆனால் உரிமையை விற்ற பிறகும் 'நான் எடுத்தது' என்று சொல்லும் உரிமையை 57ஆம் பிரிவு படைத்தவரிடமே விட்டிருக்கிறது. தரகர்களுக்கு இது தெரியாதா? தெரியும். எழுதி வாங்கத் தெரியாதவனின் உழைப்பில்தான் அவர்கள் வாழ்கிறார்கள். பெயரைக்கூட விட்டுவைக்காத இந்தப் பேராசையை வியாபாரம் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை.

இப்போது அவர் ஒரு பக்க ஒப்பந்தம் வைத்திருக்கிறார். ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனி விலை, படத்தோடு பெயர். கையெழுத்துப் போடுபவர்கள் குறைவு. "போன்லயே எடுத்துக்கறோம்னு போயிடறாங்க. போகட்டும், தம்பி. பஸ் வருது பாருங்க, காலை நகத்தாதீங்க."