எழுபதுக்கு முப்பது



தமிழாசிரியை ஒருத்தி குத்துச்சண்டையைப் பற்றி எழுதப் புகுந்தால் சிலர் புருவத்தை உயர்த்துவர் என்பதை அறிவேன். வடசென்னையில் குத்துச்சண்டை கற்றுக்கொடுப்பவரையும் 'வாத்தியார்' என்றுதான் அழைக்கிறார்கள் என்பதை மட்டும் முதலிலேயே நினைவூட்டிவிடுகிறேன்! 2021இல் பா. இரஞ்சித் இயக்கிய 'சார்பட்டா பரம்பரை' வெளிவந்த பிறகு இச்செய்தி இங்குள்ள பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. நம் ஊருக்கும் இவ்விளையாட்டு அந்நியமன்று. தேக்காவை ஒட்டி, கிச்சனர் சாலையில் இன்று சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் 'நியூ வோர்ல்ட்' கேளிக்கைப் பூங்கா இருந்தது. குத்துச்சண்டையும் மல்யுத்தமும் காண அங்கே கூட்டம் திரண்டதைச் சொல்லும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நிற்க. நான் எழுத வந்தது மேடையில் விழும் அடியைப் பற்றியன்று. அந்த அடி விழுவதற்கு முன்னர், மாதக்கணக்கிலும் சில சமயம் ஆண்டுக்கணக்கிலும் மேசையில் நடக்கும் பேரத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

செங்காங்கில் நான் கற்பிக்கும் உயர்நிலை மூன்றாம் வகுப்பில் ஒரு மாணவன் இருக்கிறான். வாய்மொழித் தேர்வுப் பயிற்சியில் மூன்று சொற்களுக்குமேல் பேசாதவன். ஒருநாள் அவனே கையை உயர்த்தி, "உலக சாம்பியன்னா ஒருத்தர்தானே டீச்சர்? ஹெவிவெயிட்ல எப்படி ரெண்டு பேர் இருந்தாங்க?" என்று கேட்டான். அவன் தானாக வாய்திறந்ததே எனக்குப் பெரிய செய்தி. பாடத்திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டேன்.

விடை எளிது. டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என நான்கு அமைப்புகள் தனித்தனியே பட்டம் வழங்குகின்றன. தனித்தனியே கச்சையும் தருகின்றன. 2023இன் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டைசன் ஃபியூரியிடம் ஒரு கச்சையும் உக்ரேனின் ஒலெக்சாண்டர் உசிக்கிடம் மூன்று கச்சைகளும் இருந்தன. இருவரும் அதுவரை தோல்வியே காணாதவர்கள். ஹெவிவெயிட் பிரிவில் எல்லாப் பட்டங்களையும் ஒருசேர வைத்திருந்தவர் 1999 நவம்பரில் ஹோலிஃபீல்டை வென்ற லெனக்ஸ் லூயிஸ்தான். அவருக்குப் பிறகு அதுவரை எவரும் அதைச் சாதித்திருக்கவில்லை. இருவரும் மோதினால் தீர்ந்தது. ஆனால் மோத வேண்டுமானால் முதலில் ஒத்துப்போக வேண்டும். வேடிக்கை அங்கேதான் தொடங்குகிறது.

அவ்வாண்டு ஏப்ரலில் லண்டன் வெம்பிளி அரங்கில் போட்டி என்று பேச்சு எழுந்தது. மூன்று கச்சைக்காரருக்கு வருவாயில் முப்பது விழுக்காடு, ஒற்றைக் கச்சைக்காரரான தமக்கு எழுபது என்றார் ஃபியூரி. இது போதாதென்று, தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் உசிக்கின் பங்கில் ஒரு விழுக்காடு குறையும் என்றும் பகிரங்கமாக அறிவித்தார். (வகுப்பில் இதைச் சொன்னபோது எழுந்த கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.) உசிக் சண்டையிடவில்லை, முறையிடவும் இல்லை. முப்பதுக்குச் சம்மதம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: போட்டி முடிந்ததும் ஃபியூரி உக்ரேன் மக்களுக்குப் பத்து லட்சம் பவுண்டு நன்கொடை தர வேண்டும்.

மூன்று கச்சை வைத்திருப்பவர் ஏன் முப்பதுக்கு இறங்க வேண்டும் என்று மாணவர்கள் கொதித்தார்கள். கச்சைக்கு ஒரு மதிப்பு, நுழைவுச்சீட்டுக்கு வேறொரு மதிப்பு. இங்கிலாந்தில் அரங்கை நிரப்பக்கூடியவர் ஃபியூரி. உசிக்குக்கோ வேறெவரையும்விட அந்த நான்காவது கச்சையே வேண்டியிருந்தது. என் கணிப்பில், அன்றைய பேச்சில் பணத்தை விட்டுக்கொடுத்த உசிக்கே வலுவான இடத்தில் நின்றார். பந்து எதிராளியின் பக்கம் போய்விட்டதல்லவா? இருந்தும் மறுபோட்டி தொடர்பான விதிகளில் இழுபறி ஏற்பட்டு, இரண்டே வாரங்களில் பேச்சு முறிந்தது.

இந்த முறிந்த பேச்சையே மறுவாரம் வகுப்பில் நடத்திப் பார்த்தோம். ஃபியூரி தரப்பு, உசிக் தரப்பு, ஏற்பாட்டாளர் தரப்பு என மூன்று குழுக்கள். பேச வேண்டியவற்றைப் பலகையில் எழுதிப் போட்டேன்: வருவாய்ப் பங்கு, முன்பணம், இடம், நாள், மறுபோட்டி, சுவரொட்டியில் யார் பெயர் முதலில், மேடைக்கு யார் கடைசியில் வருவது. கடைசி இரண்டும் அற்பமாகத் தோன்றும். மெய்யான ஒப்பந்தப் பேச்சுகளில் அவற்றுக்கும் சண்டை உண்டு.

ஆசிரிய நண்பர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நிபந்தனை வினையெச்சத்தைப் பயிற்சித்தாளில் எத்தனை முறை எழுதவைத்தாலும் பிள்ளைகளின் நாவில் அது ஒட்டுவதில்லை. பேரம் என்று வந்தவுடன் 'தந்தால்', 'தராவிட்டால்', 'தந்தாலும்' மூன்றும் தாமாகவே வந்து விழுந்தன. 'தந்தால் வருவோம்' என்பதற்கும் 'தந்தாலும் வரமாட்டோம்' என்பதற்கும் இடையிலுள்ள ஓர் 'உம்' ஒரு போட்டியையே கலைத்துவிடும் என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டார்கள்.

அதைவிட முக்கியமானது 'நாங்கள்', 'நாம்' வேறுபாடு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் பேசும் நம் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாடு மங்கிக்கொண்டே வருகிறது. கேட்பவரை விலக்கினால் நாங்கள், சேர்த்துக்கொண்டால் நாம் என்று விதியாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அன்றைய மேசையில் முதல் இருபது நிமிடங்களும் 'நாங்க, நாங்க' என்றே போயின. ஃபியூரி தரப்பு அறுபத்தைந்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. உசிக் தரப்பு நாற்பதுக்குக் கீழே இறங்க மறுத்தது. அப்போது ஏற்பாட்டாளர் குழுவில் இருந்த, அந்த மூன்று சொல் மாணவன், "நாம எந்திரிச்சுப் போயிட்டா நம்ம யாருக்குமே காசு இல்ல" என்றான். அறை அமைதியாயிற்று. அவன் இலக்கணம் தெரிந்து அச்சொல்லைத் தேர்ந்தெடுத்தானா என்று எனக்குத் தெரியாது. வேறு சொல் அவ்விடத்தில் பொருந்தியிராது.

எழுந்து போனவர்களின் கதைகளையும் அவர்களுக்குச் சொன்னேன். 1988 சோல் ஒலிம்பிக்கின் இறுதிப் போட்டியில் ரிடிக் போவை வென்று தங்கம் பெற்றவர் லெனக்ஸ் லூயிஸ். நான்காண்டுகள் கழித்துப் போ உலக சாம்பியன் ஆனார். முறைப்படி அவர் அடுத்துச் சந்திக்க வேண்டியவர் அதே லூயிஸ். பேச்சு கைகூடவில்லை. 1992 டிசம்பரில் போ லண்டனுக்குச் சென்று, செய்தியாளர்கள் முன்னிலையில் டபிள்யூ.பி.சி. கச்சையைக் குப்பைத்தொட்டியில் போட்டார். அக்கச்சை சண்டையின்றியே லூயிஸுக்குப் போயிற்று. தொழில்முறையில் அவ்விருவரும் கடைசிவரை மோதவே இல்லை.

மேசையருகே வரவே விடப்படாதவர்களும் இருந்தார்கள். 1919 முதல் 1926 வரை சாம்பியனாக இருந்த ஜாக் டெம்ப்சியுடன் மோதும் தகுதி பெற்றிருந்தும், கறுப்பினத்தவரான ஹாரி வில்ஸுக்கு அவ்வாய்ப்பு ஆண்டுக்கணக்கில் தட்டிக் கழிக்கப்பட்டது. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் போட்டி நடக்கவில்லை. அவருக்கு முன்னர், 1908இல் சிட்னியில், ஜாக் ஜான்சன் என்ற கறுப்பர் டாமி பர்ன்ஸுடன் மோதினார். பர்ன்ஸுக்கு 30,000 டாலர், ஜான்சனுக்கு 5,000. வென்றவர் ஜான்சன்! எழுபதுக்கு முப்பதை அநியாயம் என்று கொதித்த பிள்ளைகள் இக்கணக்கைக் கேட்டுச் சற்றுநேரம் பேசவில்லை.

பிள்ளைகளை மிகவும் கவர்ந்தது 1937ஆம் ஆண்டு ஒப்பந்தம்தான். சாம்பியன் பிராடக், இளைஞரான ஜோ லூயிஸுடன் மோத இசைந்தார். தோற்றுப்போகும் வாய்ப்பு மிகுதி என்பது அவர் தரப்புக்குத் தெரியும். ஆகவே லூயிஸின் போட்டிகளை நடத்தும் மைக் ஜேக்கப்ஸ், தம் இலாபத்தில் பத்து விழுக்காட்டைப் பத்தாண்டுகளுக்குப் பிராடக்குக்குத் தரவேண்டும் என்று விதி சேர்த்துக்கொண்டார்கள். பிராடக் எட்டாம் சுற்றில் வீழ்ந்தார். லூயிஸோ ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் சாம்பியனாகவே இருந்தார். விழுந்தவர் விழுந்த இடத்திலிருந்தே சம்பாதித்தார்!

ஃபியூரியும் உசிக்கும் என்னவானார்கள்? சவூதிப் பணம் வந்து வழியைத் திறந்தது. 2023 செப்டம்பரில் ஒப்பந்தம் உறுதியானது. 2024 பிப்ரவரி 17 என்று நாள் குறித்தபின் பயிற்சியில் ஃபியூரியின் கண்ணுக்கு மேலே வெட்டுக்காயம் பட, மே 18ஆம் நாளுக்குத் தள்ளிப்போய், ரியாத்தில் மோதினார்கள். மூன்று நடுவர்களில் இருவர் உசிக்குக்கும் ஒருவர் ஃபியூரிக்கும் தீர்ப்பளித்தனர். இருபத்துநான்கு ஆண்டுகளுக்குமேல் உலகம் காத்திருந்த அந்த ஒற்றைச் சாம்பியன் பட்டம் எத்தனை நாள் நிலைத்தது தெரியுமா? ஐந்து வாரங்களுக்குச் சற்றே கூடுதல். ஃபியூரியுடனான மறுபோட்டிக்கு முன்னுரிமை கொடுத்ததால், ஐ.பி.எஃப். கச்சையை ஜூன் மாதமே உசிக் துறக்க நேர்ந்தது. (2025 ஜூலையில் டேனியல் டூபுவாவை வென்று அதை மீட்டுக்கொண்டார்.)

இனிப் பெற்றோர்களுக்கு. அந்த மாணவனின் தந்தை பள்ளிக்கு வந்தார். "டீச்சர், தமிழ் வகுப்புல பாக்ஸிங் நடக்குதாமே?" என்றார், சிரிக்காமல். பையன் தாய்லாந்துக் குத்துச்சண்டை வகுப்பில் சேரத் துடிக்கிறான், இவர் ஒரு வருடமாக மறுத்து வருகிறார், வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. மண்டையில் அடி வாங்கினால் படிப்பு என்னாகும் என்பது அவர் கவலை. அக்கவலையை நான் தள்ளிவிடவில்லை. முகமது அலிக்கு 1984இல், நாற்பத்திரண்டு வயதிலேயே, பார்க்கின்சன் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. தலையில் வாங்கிய அடிகள் மூளையில் தங்கும் என்பதை மருத்துவம் இன்று ஐயமின்றிச் சொல்கிறது. பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள் என்று சொல்வது என் வேலையன்று. அவன் குழு தயாரித்த ஒப்பந்தத் தாளை மட்டும் எடுத்துக் காட்டினேன். இரண்டு பக்கம், பதினொரு விதிகள், முழுக்கத் தமிழில், அவன் கையெழுத்தில். நெடுநேரம் படித்தார். "இதை அவன்தான் எழுதினானா?" என்று இரண்டு முறை கேட்டார்.

அடுத்து நடந்ததைப் பையன் வாயிலாக அறிந்தேன். வீட்டில் அவனே ஒரு தாள் எழுதிவைத்திருக்கிறான். பையிலும் கையுறைப் பட்டையிலும் மட்டும் பயிற்சி, எவருடனும் மோதல் கிடையாது, தேர்வு மாதங்களில் விடுப்பு. தந்தை எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டு ஒரு விதியைத் தம் பங்குக்குச் சேர்த்திருக்கிறார். பிராடக் கதையை அவனே போய்ச் சொல்லியிருக்கிறான் அல்லவா! மன்னார்குடியிலுள்ள பாட்டிக்கு மாதம் ஒரு கடிதம், தமிழில், கையால் எழுதியது, பத்து ஆண்டுகளுக்கு. வாட்ஸ்அப் குரல்பதிவு கணக்கில் வராது.

பையன் ஐந்து ஆண்டு என்கிறான். அப்பா எட்டுக்கு இறங்கியிருக்கிறாராம். பாட்டியிடம் யாராவது கேட்டீர்களா என்றேன். இருவருமே கேட்கவில்லையாம்.