மேக்கால ஒருத்தன், மாடியில ரெண்டு பேர்!

தேனி பஸ் ஸ்டாண்டுல குமுளி பஸ்ஸைப் பிடிங்க. ஜன்னல் சீட் முக்கியம் பாஸ்! வீரபாண்டி தாண்டி சின்னமனூர்ல இறங்கி, குச்சனூர் போற ரோட்டுல திரும்பினா கொஞ்ச தூரத்துலயே மார்க்கையன்கோட்டை. சென்னைவாசிகளுக்கு ஒரு குட் நியூஸ்... 2023 ஜூன்லேர்ந்து போடி வரைக்கும் ரயிலே வந்துடுச்சு.

சனிக்கிழமை மட்டும் வேணாம். குச்சனூர் சனீஸ்வரரைப் பார்க்கப் போற கூட்டத்துல பஸ்ஸுல நிக்கக்கூட இடம் கிடைக்காது. ஆடி சனின்னா கேக்கவே வேணாம். (கேம்ல ரேங்க் இறங்கிட்டே போகுதுன்னா தாராளமா சனிக்கிழமையே வாங்க. பக்கத்து ஊர்தானே, எள் விளக்கு போட்டுட்டு வந்துடலாம்!)

ஊர்ப் பேருலதான் கோட்டை. கண்ணை நிறைக்கிறது வயல். மேக்கே மலை, அதுக்கு அந்தப் பக்கம் கேரளா. தெக்கே நிமிர்ந்து பார்த்தா மேகமலை. நடுவுல முல்லைப் பெரியாறு. 1895-ல பென்னிகுக் கட்டி முடிச்ச அணைத் தண்ணி, மலையைக் குடைஞ்சு இந்தப் பக்கம் வந்து இறங்குது. கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோகம் விளையறது அந்தத் தண்ணியிலதான். லோயர் கேம்ப்ல பென்னிகுக்குக்கு மணிமண்டபமே இருக்கு. இந்தப் பக்கம் பிறக்கிற பிள்ளைகளுக்கு அவர் பேரை வைக்கிறவங்களும் உண்டு.

சரி, கேம்ஸ் மேட்டர்னுதானே உட்கார்ந்தோம், எதுக்கு ஜியாகிரஃபி கிளாஸ்னு முறைக்காதீங்க. காரணம் இருக்கு.

சாயங்காலம் வாய்க்கால் ஓரமா நடந்து பாருங்க. பாலத்துக் கட்டையில நாலு பேர் வரிசையா உட்கார்ந்திருப்பாங்க. நாலு செல்போன், படுக்கைவசமா. யாரும் யாரையும் பார்க்க மாட்டாங்க. ஆனா வாய் மட்டும் ஓயாது. பக்கத்துல போனா இப்படிக் கேக்கும்:

“டேய், மேக்கால ஒருத்தன்!”

“அங்கிட்டு மாடியில ரெண்டு பேரு. நான் ஒருத்தனைத் தட்டிட்டேன், இன்னொருத்தன் வடக்கால எறங்குறான்.”

“நீ எந்திரிக்காத மாப்ள, இந்தா வாறேன்.”

முதல்ல ஏதோ வயல் தகராறுன்னு நினைச்சுடுவீங்க. பிஜிஎம்ஐ ஓடுது! ஸ்க்ரீன் உச்சியில திசைகாட்டி, டிகிரி கணக்குல நகர்ந்துட்டே இருக்கும். சிட்டி பசங்க அதைப் பார்த்து நம்பர் சொல்வாங்க. இங்கே அது தேவைப்படல. சின்ன வயசுலேர்ந்து ‘மேக்கால வயலு, கெழக்கால கிணறு’ன்னே பேசிப் பழகினவனுக்கு, யாரோ கொரியாக்காரன் போட்ட எட்டு கிலோமீட்டருக்கு எட்டு கிலோமீட்டர் மேப்புலயும் திசை தப்புறதில்லை.

இதுல ஒரு பெரிய விஷயம் ஒளிஞ்சிருக்கு. ரேண்டமா சேர்ந்த நாலு பேர் ஆடுறதையும், பழகின நாலு பேர் ஆடுறதையும் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுப் பாருங்க. ரேண்டம் டீம்ல “அங்க இருக்கான்டா, அங்க அங்க!”ம்பான். எங்கடா ‘அங்க’? சொன்னவன் ஸ்க்ரீன்ல இருக்கற ‘அங்க’, கேட்டவன் ஸ்க்ரீன்ல இல்லவே இல்லை. பழகின டீம்ல ஒரே மூச்சுல திசை, இடம், எத்தனை பேர், எவனுக்கு அடி பட்டிருக்கு எல்லாம் வந்துடும். நாலு செல்போன் ஸ்க்ரீன் சேர்ந்து ஒரே பெரிய ஸ்க்ரீனா ஆகற இடம் அதுதான். துப்பாக்கி சுடற திறமையெல்லாம் அப்புறம்.

அதைவிட முக்கியம், எப்போ வாயை மூடணும்னு தெரியறது. ஹெட்போன்ல காலடிச் சத்தம் கேக்கற நேரத்துல ஒருத்தன் நேத்துப் பார்த்த படக்கதை சொன்னா, நாலு பேரும் காலி. பாலத்துக் கட்டையில திடீர்னு நாலு வாயும் ஒண்ணா அடங்கும். அந்த அஞ்சு செகண்டுல வாய்க்கால் தண்ணி ஓடற சத்தம் உங்களுக்கே கேக்கும்!

நூறு வருஷத்துக்கு முன்னாடி ஃபிரான்ஸ்ல ரிங்கல்மான்னு ஒரு விவசாய இன்ஜினீயர் இருந்தார். ஆளுங்களைக் கயிறு இழுக்க வெச்சு, எவ்வளவு விசை வருதுன்னு அளந்து, 1913-ல வெளியிட்டார். எட்டு பேர் சேர்ந்து இழுத்தா ஒருத்தனோட பலம் மாதிரி எட்டு மடங்கு வரணும்ல? வரலை. ஆளாளுக்குத் தனியா இழுத்ததுல பாதிகூடத் தேறலை! ஒரே நொடியில இழுக்காததால வீணாப் போனது கொஞ்சம். ‘நம்ம ஒருத்தன் விட்டா என்ன’ன்னு கையைத் தளர்த்தினது கொஞ்சம். இந்த ரெண்டாவது கொஞ்சத்தை 1970-கள்ல அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் தனியாப் பிரிச்சே காட்டிட்டாங்க. நம்ம க்ரூப் ப்ராஜெக்ட்டுக்குச் சொன்ன மாதிரியே இல்ல? அஞ்சு பேர் பேரு, ஒருத்தன் வேலை!

வீரபாண்டி கௌமாரியம்மன் தேரை ஊரே சேர்ந்து இழுக்கறப்போ கவனிச்சிருந்தா இது புரியும். கூட்டம் மட்டும் போதாது. குரல் கொடுக்க ஒரு ஆள், அந்தக் குரலுக்கு எல்லாரும் ஒரே நேரத்துல கயிறைப் பிடிச்சு இழுக்கற பழக்கம், சக்கரத்துக்குக் கட்டை போடத் தெரிஞ்சவங்க... இத்தனையும் இருந்தாத்தான் தேர் நகரும். நடவு வயல்லயும் அதேதான். வரிசையில ஒருத்தர் வேகமாப் போனாலும் கோணும், ஒருத்தர் பின்தங்கினாலும் கோணும்.

ஸ்க்வாடுன்னாலே உசத்தி, சோலோன்னா மட்டம்னு சொல்ல வரலை. சோலோ ஆடறது வேற ஜாதி வித்தை. நூறு பேர் இறங்கற மேப்புல உங்களுக்கு தொண்ணூத்தொம்பது எதிரி. ரத்தம் தீர்ந்தா கதை முடிஞ்சது, தூக்கிவிட யாரும் வர மாட்டாங்க. அதனால பொறுமை வரும், காது கூர்மையாகும். முக்கியமா, தோத்தா பழி போட ஆளே கிடையாது! ‘அவன் கவர் கொடுக்கலை’ங்கற டயலாக் சோலோல செல்லாது. ஸ்க்வாட்லயே ஆடிப் பழகின பல ‘புலி’ங்க சோலோல இறங்கினா, மூணாவது நிமிஷமே லாபிக்குத் திரும்பி வந்து நெட் ஸ்லோன்னு சொல்லிட்டிருக்கும்.

இந்தப் பள்ளத்தாக்குக்கு சோலோவும் புதுசில்லை. பக்கத்துல அய்யம்பட்டி, பல்லவராயன்பட்டி எல்லாம் ஜல்லிக்கட்டுக்குப் பேர் போன ஊர்கள். வாடிவாசல் முன்னாடி ஒரே கலர் பனியன்ல ஒரு கூட்டமே நிக்கும். ஆனா திமிலை ஒருத்தன்தான் பிடிக்கணும். ரெண்டு மூணு பேர் சேர்ந்து தொங்கினா மாடு ஜெயிச்சதா அறிவிச்சுடுவாங்க. கூட்டத்துக்கு நடுவுல நின்னு ஆடற சோலோ அது.

ஆனா கபடிக்கு வாங்க. இங்கேதான் எனக்குப் பிடிச்ச விஷயம். ஸ்க்வாட்ல அடிபட்டு விழுந்தவன் உடனே சாகறதில்லை. தவழ்ந்துட்டே இருப்பான். கூட்டாளி ஓடி வந்து பத்து செகண்ட் பக்கத்துல உட்கார்ந்தா எழுந்துடுவான். ‘ரிவைவ்’! ஏதோ வெளிநாட்டுக்காரன் புதுசா கண்டுபிடிச்சதுன்னு நினைக்கிறீங்களா? நம்ம கபடியில எதிராளியை அவுட்டாக்கினா, வெளியே உட்கார்ந்திருக்கற நம்மாளு ஒருத்தன் உள்ளே வரலாமே... அதேதான்! அந்த ஆட்டத்துக்குப் பேரே சஞ்சீவினி. அவுட்டானவன் அவுட்டானவன்தான், மொத்த டீமும் போற வரைக்கும் வெளியேதான்னு ஆடற இன்னொரு வகைக்கு காமினின்னு பேர். சோலோவுக்கும் ஸ்க்வாடுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தை நம்ம மண்ணுல எப்பவோ பேர் வெச்சுப் பிரிச்சாச்சு பாஸ்.

அந்தப் பத்து செகண்ட்தான் டீமோட நிஜமான பரீட்சை. தூக்கிவிடப் போறவன் துப்பாக்கியைக் கீழே விட்டுட்டு, முதுகைக் காட்டிட்டு உட்காரணும். எவனாவது பார்த்தா ரெண்டு பேரும் காலி. போகாம ஒளிஞ்சு உட்கார்ந்தா தன் ரேங்க் தப்பிக்கும். ரேண்டம் டீம்ல பெரும்பாலும் ஒளிஞ்சுக்குவாங்க. தப்பு சொல்ல முடியாது, யாரோ எவரோ!

பாலத்துக் கட்டையில உட்கார்ந்திருக்கற நம்ம நாலு பேர் கதைக்கு வருவோம். பேர் வேணாம். பப்ஜி காலத்துலேர்ந்து இவங்க ஒரு செட். 2020 செப்டம்பர் 2-ம் தேதி, பப்ஜி உட்பட 118 ஆப்களை மத்திய அரசு தடை பண்ணினப்போ ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தாங்க. கொரோனா நேரம், ஸ்கூல் கிடையாது, இருந்த ஒரே சந்திப்பு இடமும் போச்சு. 2021 ஜூலையில பிஜிஎம்ஐங்கற பேர்ல திரும்ப வந்துச்சு. அடுத்த ஜூலையிலயே ஸ்டோர்லேர்ந்து காணாமப் போச்சு. 2023 மே கடைசியில மறுபடி வந்தப்போ ஒருத்தன் மதுரை, ஒருத்தன் கோவை, ஒருத்தன் திண்டுக்கல்னு காலேஜுக்குப் பிரிஞ்சிருந்தாங்க. நாலாவது ஆள் மட்டும் ப்ளஸ் டூவோட நிறுத்திட்டு ஊர்லயே இருந்தான். வாழைத்தார் லோடு ஏத்தற வேலை.

அவனோட செல்போன் அரதப் பழசு. சண்டை சூடாச்சுன்னா ஸ்க்ரீன் நின்னுடும். திரும்ப ஓடறதுக்குள்ள அவன் கீழே கிடப்பான். வேற டீமா இருந்தா கழட்டி விட்டிருப்பாங்க. இவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? அவனுக்கு டிரைவர் வேலை கொடுத்தாங்க! ஜோன் சுருங்கறப்போ எந்த வழியாப் போனா மேடு மறைக்கும், எங்கே வண்டியை நிறுத்தி அதையே கேடயமா வெச்சுக்கலாம்னு அவனுக்கு அத்துப்படி. மருந்து, ஸ்மோக் எல்லாம் அவன் பையில. யாராவது விழுந்தா, குண்டு மழையில வண்டியைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தறது அவன்தான். அவன் எத்தனை பேரைச் சுட்டான்னு பார்த்தா பல நாள் சைபர். ஆனா எத்தனை தடவை மத்த மூணு பேரை எழுப்பி விட்டான்னு கேட்டா, மூணு பேரும் சிரிக்கறாங்க.

ராத்திரி ஒன்பதரை மணிக்கு மூணு ஹாஸ்டல்லேர்ந்தும் ஒரு வாழைத்தோப்பு ஓரத்துலேர்ந்தும் நாலு பேரும் ஆன்லைன் வருவாங்க. முதல் பத்து நிமிஷம் கேமே ஸ்டார்ட் ஆகாது. ஆத்துல தண்ணி எவ்வளவு போகுது, எந்த வீட்டுல கல்யாணம், யாருக்கு உடம்பு முடியலை... இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் ப்ளேன்ல ஏறுவாங்க. ‘வீட்டுக்கு போன் பண்ணினா அஞ்சு நிமிஷத்துல பேச்சு தீர்ந்துடுது, இதுல தீர மாட்டேங்குது’ன்னான் கோவைக்காரன்.

கேம் மேல இருந்த கெட்ட பேரும் கொஞ்சம் மாறியிருக்கு. இ-ஸ்போர்ட்ஸை 2022 டிசம்பர்ல மத்திய அரசு விளையாட்டுத் துறைக்குக் கீழே கொண்டுவந்துச்சு. அடுத்த வருஷமே ஹாங்சோ ஏசியன் கேம்ஸ்ல அதுக்கு மெடல் கொடுத்தாங்க. டீமா ஆடறதும் உண்டு, ஒத்தைக்கு ஒத்தையும் உண்டு. காலேஜ் கல்ச்சுரல்ஸ் நோட்டீஸ்ல அடாப்டியூனுக்குப் பக்கத்துலயே பிஜிஎம்ஐ இருக்கறதை நீங்களும் பார்த்திருப்பீங்க. விடிய விடிய ஆடிட்டு இன்டர்னல்ல கோட்டை விடறவங்களும் இருக்காங்கதான். அதை வீட்டுல தினமும் சொல்றாங்க, நான் வேற எதுக்கு!

அப்படித்தான் மதுரைக்காரன் காலேஜ்ல ஒரு போட்டி. நாலு பேர் டீம், எந்தக் காலேஜா இருந்தாலும் சரி, ஆனா நாலு பேரும் ஐ.டி. கார்டோட வரணும். லோடு ஏத்தறவனுக்கு எங்கே ஐ.டி. கார்டு? மூணு பேரும் ரெண்டு நாள் பேசிப் பார்த்தாங்க. ‘போகவே வேணாம்’னான் ஒருத்தன். ‘டேய், என்னை சாக்கா வெச்சு பயந்து ஓடாதீங்கடா’ன்னு இவனே திட்டி அனுப்பி வெச்சான். ஹாஸ்டல்லேர்ந்து ஒரு புதுப் பையனைச் சேர்த்துக்கிட்டாங்க. நல்ல செல்போன், நல்ல குறி, அன்னிக்கு டீம்ல அதிகம் பேரைச் சுட்டதே அவன்தான். மொத்தத்துல ஏழாவது இடம். மோசமில்லை.

அன்னிக்கு ராத்திரி லோடு முடிச்சுட்டு ஆன்லைன் வந்தவன் எத்தனாவது இடம்னு கேக்கலை, எத்தனை கில்னும் கேக்கலை.

“வண்டி யாருடா ஓட்டுனது?”ன்னுதான் கேட்டான்.