கரைமேல் ஏறினால் சிக்னல்

'இந்தியாவிலேயே முதலில்' என்று பெருமையடித்துக்கொள்வதில் கொல்கத்தாவை மிஞ்ச ஆளில்லை. நாட்டின் முதல் தந்திக் கம்பி இங்கேதான் நீண்டது. முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபரில் இங்கேதான் ஓடியது. 1995 ஜூலை 31 அன்று ரைட்டர்ஸ் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அதுதான் இந்தியாவின் முதல் செல்போன் உரையாடல். 2012 ஏப்ரலில் 4ஜி சேவை முதன்முதலாக அறிமுகமானதும் இதே ஊரில்தான்.

சியால்டாவில் கேனிங் லோக்கலில் ஏறினால் இந்தப் பெருமையெல்லாம் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் உதிரத் தொடங்கும். ஒன்றரை மணி நேரத்தில் கேனிங். அங்கிருந்து சாலை வழியே கோட்காலி. பிறகு சாலை முடிந்துவிடும். ஆற்றைக் கடக்கப் படகு. அக்கரையில் கோசாபா. அதற்கும் அப்பால் இருக்கும் ஊர்களுக்கு இன்னொரு படகு, இன்னொரு ஆறு. இந்தியப் பகுதி சுந்தரவனத்தில் 102 தீவுகள். அவற்றில் 54-ல் ஜனங்கள் வசிக்கிறார்கள். மற்றவை புலிக்கு. கடல்நீர் வயலுக்குள் புகாமல் தடுப்பது சுமார் 3,500 கிலோமீட்டர் நீள மண்கரை. தீவில் உயரமான இடம் என்றால் பெரும்பாலும் அந்தக் கரைதான். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடுகிறவர்கள் போய் நிற்பதும் அங்கேதான்.

2020-ம் ஆண்டு இது வெறும் அசௌகரியமாக இருக்கவில்லை. மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் போனுக்குள் போய்விட்டன. மே 20 அன்று அம்பன் புயல் சாகர் தீவை ஒட்டி, மணிக்கு 155 முதல் 165 கிலோமீட்டர் வேகத்தில் கரையைக் கடந்தது. கொல்கத்தாவிலேயே மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. மின்சாரமும் இன்டர்நெட்டும் போயின. சில நாட்களில் நகரவாசிகள் பொறுமையிழந்து சாலை மறியலில் இறங்கினார்கள். தீவுகளில் மறியல் செய்ய வழியில்லை. அங்கே பல இடங்களில் கரைதான் சாலை. அந்தக் கரையே உடைந்திருந்தது.

அந்த நாட்களில் தீவிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வராதா என்று காத்திருந்தவர்கள் கொல்கத்தாவில் மட்டும் இருக்கவில்லை. 2009 மே 25 அன்று வந்த அய்லா புயல் வயல்களில் உப்புநீரை நிரப்பிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு ஆண்கள் கூட்டம் கூட்டமாக வெளியூர்களுக்குக் கிளம்பினார்கள். கேரளம், அந்தமான், தமிழ்நாடு என்று எங்கே கட்டட வேலை உண்டோ அங்கே. சென்னையில் சாரத்தின் மீது நின்று பூசிக்கொண்டிருக்கும் வங்காளி இளைஞரின் வீடு இப்படி ஒரு தீவில் இருக்கலாம். அவர் அனுப்பும் பணமும் வாரக் கடைசியில் பார்க்கிற குழந்தையின் முகமும் ஒரே போனில்தான் வந்து போக வேண்டும். கரைமேல் ஏறி நிற்கும் மனைவிக்கும் சாரத்திலிருந்து இறங்கி வரும் கணவனுக்கும் நடுவே மிச்சமிருப்பது அந்த மெல்லிய சிக்னல் மட்டுமே.

போதாததற்கு அரசும் போனுக்குள் குடியேறிவிட்டது. ரேஷனுக்குக் கைரேகை. வங்கிக்கு ஓ.டி.பி. கல்லூரியில் சேர ஆன்லைன் விண்ணப்பம். கொல்கத்தா டாக்டரைத் திரையில் பார்க்கத் தொலைமருத்துவம். 'தத்ய மித்ர கேந்திரா' என்ற பெயரில் பொதுச் சேவை மையங்கள் வந்தன. 2020-ல் மாநில அரசின் 'பாங்களா சஹாயதா கேந்திரா'க்களும் வந்தன. எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் படகுக் கூலி கொடுத்து வந்தவர் நாளைக்கு மறுபடியும் வர வேண்டும். அன்றைய கூலியும் போச்சு.

வினோதம் என்னவென்றால், தந்தி யுகம் இந்தப் பக்கம் நோக்கித்தான் புறப்பட்டது. கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த வில்லியம் ஓஷாநெஸி 1839-லேயே கம்பி கட்டிச் சோதனை செய்தவர். 1851-ல் அவருடைய தந்தித் தடம் கல்கத்தாவிலிருந்து தெற்கே டயமண்ட் ஹார்பருக்குப் போனது. பிறகு ஹூக்ளியின் முகத்துவாரத்தில் உள்ள கெஜுரி வரை நீண்டது. காரணம் சுலபம். கப்பல் வந்துவிட்டதா என்று கம்பெனி வியாபாரிகளுக்கு உடனே தெரிய வேண்டும். பக்கத்துத் தீவில் காட்டை வெட்டி நெல் விதைத்துக்கொண்டிருந்தவனுக்குச் சொல்லவோ கேட்கவோ ஒன்றும் இருப்பதாக அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. 2013 ஜூலையில் தந்தி சேவை மூடுவிழா கண்டது. கணக்குப் பார்க்கும் முறை மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு டவருக்கு எத்தனை வாடிக்கையாளர், ஆளுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்று கம்பெனிகள் கூட்டிப் பார்க்கின்றன. டவர் வைத்தால் அதற்கு டீசல் படகில் போக வேண்டும். பழுது பார்ப்பவரும் படகில் போக வேண்டும். கரன்ட் போய், பேட்டரியும் தீர்ந்தால் டவர் வெறும் இரும்புக் கம்பம்தான்.

ஆனால் யாராவது வந்து செய்து தரட்டும் என்று கைகட்டி நிற்கும் பழக்கம் இந்தத் தீவுகளுக்குக் கிடையாது. 1903-ல் டேனியல் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கோசாபா பக்கத்தில் ஏராளமான நிலத்தை வாங்கினார். கல்கத்தாவில் பெரிய கம்பெனி நடத்திய இவரும் ஒரு தீவில், ஸ்காட்லாந்தின் ஆரன் தீவில், பிறந்தவர்தான். வட்டிக்காரர்களை விரட்டிவிட்டுக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தார். 1936-ல் சொந்தமாக ஒரு ரூபாய் நோட்டே அச்சடித்தார். அதற்கு முன்பே, 1932-ல், இந்தக் கூட்டுறவு முயற்சியைப் பார்க்கத் தாகூரே படகேறி வந்தார். எஜமானரின் கருணையில் வந்த கூட்டுறவு என்று குறை சொல்லலாம். ஆனாலும் பழக்கம் ஊறிவிட்டது.

அறுபது ஆண்டுகள் கழித்து அந்தப் பழக்கம் வெளிச்சம் கொண்டுவர உதவியது. ஆற்றைத் தாண்டி மின்கம்பி வருவது கனவாக இருந்த காலம். மேற்கு வங்க மரபுசாரா எரிசக்தி வளர்ச்சி முகமையின் எஸ்.பி. கோன் சௌத்ரி சாகர் தீவில் சூரிய மின்நிலையங்களைக் கொண்டுவந்தார். முதலாவது 1996-ல் கமல்பூரில் அமைந்தது. வெறும் 26 கிலோவாட். மாலையில் சில மணி நேரம் விளக்கு எரியும். யாருக்கு இணைப்பு, மாதம் எவ்வளவு கட்டணம், கட்டாதவரை என்ன செய்வது என்பதையெல்லாம் கிராமக் கமிட்டியே பார்த்துக்கொண்டது. 1997-ல் கோசாபாவில் விறகை வாயுவாக்கி ஓடும் 500 கிலோவாட் நிலையம் வந்தது. அதையும் ஒரு கூட்டுறவுச் சங்கம் நடத்தியது. பிற்பாடு பெரிய மின்கட்டமைப்பு ஆற்றைத் தாண்டி வந்ததும் இவற்றின் மவுசு குறைந்துவிட்டது. ஆனால் ஊர் கூடினால் மின்சாரத்தைக்கூட நிர்வகிக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

வார்த்தையை ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோகும் வேலையைக் கொல்கத்தாவில் ஒரு சின்னக் கூட்டம் வேறு விதமாகச் செய்துவருகிறது. ஹாம் ரேடியோக்காரர்கள். மத்திய அரசின் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்தக் காசில் கருவி வாங்கி வைத்திருக்கும் பொழுதுபோக்காளர்கள். இதில் ஒரு பைசா சம்பாதிக்கச் சட்டம் அனுமதிக்காது. அம்பரீஷ் நாக் பிஸ்வாஸ் செயலராக இருக்கும் மேற்கு வங்க ரேடியோ கிளப் அவர்களில் ஒன்று. மகர சங்கராந்திக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் திரளும் கங்காசாகர் மேளாவில் இவர்கள் முகாம் போடுகிறார்கள். கூட்டத்தில் தொலைந்துபோன கிழவிகளின் பேச்சுவழக்கையும் அரைகுறையாகச் சொல்லும் ஊர்ப் பெயரையும் வைத்து, நாடு முழுதும் உள்ள சக ஹாம்களிடம் கேட்டு, குடும்பத்தைக் கண்டுபிடித்து ஒப்படைக்கிறார்கள். புயல் அறிவிப்பு வந்தால் ஆன்டெனாவும் பேட்டரியுமாகத் தீவுக்குக் கிளம்புகிறார்கள். டவர்கள் செத்துக் கிடக்கும் நேரத்தில் அவர்களுடைய கரகரத்த குரல்தான் வெளியுலகத்துக்குச் செய்தி சொல்கிறது.

ஆனால் ஹாம் ரேடியோவில் பாடம் நடத்த முடியாது, பணம் அனுப்ப முடியாது. அது ஆபத்துக்கு உதவும் சிநேகிதன். அன்றாடத்துக்குத் தேவைப்படுவது வேகமான இன்டர்நெட். அதையும் ஊரே கொண்டுவர முடியுமா?

முடிந்திருக்கிறது. ஹாமில்டனின் சொந்த நாட்டிலேயே உதாரணம் உண்டு. சுமார் நூறு பேர் வசிக்கும் ஐக் தீவின் மக்கள் 1997-ல் தீவையே விலைக்கு வாங்கினார்கள். 2008-ல் காற்று, நீர், சூரியனிலிருந்து சொந்த மின்சாரம் தயாரித்தார்கள். கம்பெனிகள் எட்டிப் பார்க்காத அந்தப் பகுதியில் 'ஹெப்நெட்' என்ற சமூக நிறுவனம் தீவுக்குத் தீவு ரேடியோ அலை மூலம் பிராட்பேண்ட் கொண்டுபோனது.

நம் பக்கத்திலும் முன்னோடிகள் உண்டு. புதுச்சேரி வட்டாரத்தில் 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு, அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயர விவரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை 2006 வாக்கில், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாற்றியமைத்துத் தந்த சாதாரண வைஃபை கருவிகளால் கிராமக் கண் மையங்களோடு இணைந்தது. மையத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கண்ணைத் தேனி டாக்டர் திரையில் பார்த்தார்.

தொழில்நுட்பம் ஒன்றும் மாயமில்லை. இரு கரைகளிலும் உயரமான கம்பம். ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கும் ஆன்டெனாக்கள். நடுவில் மரமோ கட்டடமோ மறைக்கக் கூடாது. ஆறு இதற்கு உத்தமமான மைதானம் என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம். ரேடியோ அலை நேராகவும் போகிறது, தண்ணீரில் பட்டுத் தெறித்தும் போகிறது. இரண்டும் எதிரும் புதிருமாகப் போய்ச் சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஓதம் ஏறி இறங்கும்போது இந்தக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். காலையில் பிரமாதமாக ஓடிய இணைப்பு மத்தியானம் படுத்துவிடும். எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் இதைச் சோதித்து, அலைவரிசையை மாற்றிக்கொண்டே போவதன் மூலம் சமாளிக்கலாம் என்று காட்டினார்கள். ஓதத்தின் நேரம் சுந்தரவன மீனவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சட்டமும் முன்போல் முறைத்துக்கொண்டு நிற்கவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸை 2018-லும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அரசு அனுமதித்தது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டப்படி டீக்கடைக்காரர்கூட லைசென்ஸ் இல்லாமல் வைஃபை வழங்கலாம். கொல்கத்தாவின் ஒவ்வொரு பாராவிலும் மொட்டைமாடி மொட்டைமாடியாகக் கம்பி இழுத்து, முதலில் டி.வி.யும் பிறகு இன்டர்நெட்டும் கொடுத்த கேபிள்கார 'தாதா'க்களின் சாமர்த்தியம் ஊரறிந்தது. ஆற்றைக் கடந்து ஒரு நல்ல இணைப்பு வந்துவிட்டால் தீவுக்குள் அதைப் பங்கிட்டுக் கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டமில்லை.

ஆற்றைக் கடப்பதற்குத்தான் பணம் வேண்டும். இங்கே ஒரு முரண். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. செலவு 1,200 கோடி ரூபாய்க்கு மேல். 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கும் கேபிள் வந்துவிட்டது. இரண்டும் நியாயமான செலவுதான். தேசத்தின் எல்லை, பாதுகாப்பு, சுற்றுலா எல்லாம் அங்கே இருக்கின்றன. சாகர் தீவோ கொல்கத்தாவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம்தான். வரைபடத்தில் பார்த்தால் நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். தூரத் தீவு என்றால் தனித் திட்டம். பக்கத்துத் தீவு என்றால் 'இன்னொரு கிராமம்'. பஞ்சாயத்துகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோக 2011-ல் அனுமதிக்கப்பட்டு, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டத்திலும் தொடக்கத்தில் கிராமம் என்பது பஞ்சாயத்து அலுவலகத்தோடு முடிந்துவிட்டது. அங்கிருந்து கடைசி வீடு எத்தனை ஆறு தள்ளி என்று அது கேட்கவில்லை.

அதனால்தான் ஊர்க் கமிட்டி தேவைப்படுகிறது. அரசு ஆற்றைக் கடக்கும் இணைப்பைத் தரட்டும். உள்ளே கம்பம் நடுவதும் கட்டணம் வசூலிப்பதும் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் முதலிடம் தருவதும் ஊரின் பொறுப்பாக இருக்கட்டும். சாகர் தீவின் சூரிய விளக்கு அப்படித்தான் எரிந்தது. புயலுக்கு மறுநாள் சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தக் கொல்கத்தாவிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

இல்லையென்றால் அடுத்த மே மாதமும் வழக்கம்போலத்தான். வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று செய்தி வரும். சென்னையில் சாரத்தின் கீழே நின்று ஒருவர் திரும்பத் திரும்ப நம்பரை அழுத்துவார். தீவில் அவருடைய மனைவி போனைத் தூக்கிப் பிடித்தபடி கரைமேல் ஏறுவார், தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே.