இரண்டு துளி எண்ணெய்

மூடினால் ஒரு சிறு புத்தகம்போல் கைக்குள் அடங்கிவிடும் காமிரா ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்து, கறுத்த துருத்தி விரிந்து, அதன் நுனியில் வில்லை நிமிர்ந்து நிற்கும். ஜெர்மனியின் ஸைஸ் இகான் நிறுவனம் 1950களில் செய்த ‘நெட்டார்’ வகை அது. தொடக்கப்பள்ளி ஆசிரியராயிருந்த அப்பா 1964இல் சென்னை மூர் மார்க்கெட்டில் அதைப் பழைய பொருளாக வாங்கினார். அந்தச் சந்தை 1985இல் எரிந்துபோயிற்று; காமிரா இன்றும் இருக்கிறது.

அப்பாவிடம் ஒளிமானி கிடையாது. வெயிலையும் நிழலின் அடர்த்தியையும் பார்த்தே கணக்கிடுவார், பெரும்பாலும் தவறாது. 1986 மே மாதம், அக்காவின் திருமணத்திற்குச் சில நாட்களுக்கு முன், ஷட்டர் சற்றுத் தயங்குகிறது என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அப்போது பதினாறு வயது. அவருக்கு உதவும் எண்ணத்தில், அவர் அறியாமல், அம்மாவின் தையல் இயந்திர எண்ணெயில் இரண்டு துளியை வில்லையின் ஓரத்தில் விட்டேன். அன்று ஷட்டர் வழுக்கிக்கொண்டு இயங்கியது.

படமெடுக்க ஒருபோதும் இசையாத அம்மா, திருமண நாளில் மட்டும் அப்பாவின் சொல்லுக்கு இணங்கித் தனியாக நின்றார். சுருளைக் கழுவிப் பார்த்தபோது பன்னிரண்டு படங்களும் கரியாய்க் கறுத்திருந்தன. “வெளிச்சக் கணக்கில் நான்தான் தவறிவிட்டேன்” என்று அப்பா உறவினர்களிடம் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு அம்மா இறந்தார். காமிரா டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

சென்ற ஆண்டு அப்பா என்னுடன் தங்க வந்தபோது அந்தப் பெட்டியும் வந்தது. மாலை வேளைகளில் பங்கு இல்லத்து மேசையில் காமிராவைப் பிரித்துப் பார்க்கலானேன். ஷட்டரின் எஃகு இதழ்கள் தாளினும் மெல்லியவை. உலர்ந்தே இயங்க வேண்டியவை. எண்ணெய் பட்டால் ஈரத்தாள்கள்போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இருநூறில் ஒரு நொடியில் மூடவேண்டியவை திறந்தபடியே நிற்கும். அளவுக்கு மீறிய ஒளி படச்சுருளைச் சுட்டுவிடும். நான் விட்ட எண்ணெய் சில நாட்களில் மெல்லக் கசிந்து இதழ்களை அடைந்திருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் அது பிசினாக இறுகியிருந்தது.

முன்வில்லையின் வளையத்தைப் பிடித்திருக்கும் நுண்ணிய திருகுகளைத் தளர்த்தி, வில்லையைச் சுழற்றிக் கழற்றினேன். மரை எந்த இடத்தில் விடுபடுகிறதோ அங்கே ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் திரும்பப் பொருத்தும்போது தூரக் கணக்கு பிசகிவிடும். சன்னலைத் திறந்துவைத்து, சிகரெட் லைட்டர்களில் ஊற்றும் நாப்தாவைப் பஞ்சில் நனைத்து இதழ்களைத் துடைத்தேன். பஞ்சு பழுப்பேறி வந்தது. உலரவிட்டு மீண்டும் துடைத்தேன். ஆறு மாலைகள் இப்படிக் கழிந்தபின்பே பஞ்சு வெண்மையாக வந்தது. பழைய கருவியைப் பேணுவதில் பெரும்பகுதி, நாம் சேர்த்ததை நீக்குவதுதான் என்று அப்போது உணர்ந்தேன்.

அடுத்தது துருத்தி. இருட்டறையில் அதற்குள் சிறு டார்ச்சை எரியவிட்டால், மடிப்பு மூலைகளிலுள்ள ஊசித்துளைகள் விண்மீன்களாய்த் தெரியும். வெண்பசையில் கறுப்பு வண்ணம் கலந்து மெல்லிய தூரிகையால் அவற்றை அடைத்தேன். பின்பு, படச்சுருள் அமரும் இடத்தில் நெய்த்தாளை இழுத்து ஒட்டி, ஷட்டரைத் திறந்துவைத்து, தொலைவிலிருந்த ஊர்த் தண்ணீர்த்தொட்டியை நோக்கினேன். தாளில் அது தலைகீழாய் விழுந்தது. உருப்பெருக்கியால் பார்த்தபடி, அதன் கைப்பிடிக் கம்பிகள் கூர்மையாகும்வரை முன்வில்லையைத் திருப்பி, வளையத்தின் முடிவிலிக் குறியை அவ்விடத்தில் நிறுத்தித் திருகுகளை இறுக்கினேன்.

1901இல் அறிமுகமான ‘120’ என்னும் படச்சுருள் இன்றும் உற்பத்தியாகிறது. அதையே இக்காமிராவும் ஏற்கும். கதவைச் சட்டென்று திறந்தால் துருத்தி காற்றை இழுக்க, சுருளும் தன் தளத்திலிருந்து முன்னோக்கி வளையக்கூடும். ஆகவே மெதுவாகத் திறந்து, அதன் பின்னரே சுருளை நகர்த்த வேண்டும். அவ்வாறே பத்துப் படங்கள் எடுத்தபின் காமிராவை அப்பாவின் கையில் கொடுத்தேன்.

எண்பத்தேழு வயதில் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. காமிராவைக் காதோடு வைத்து, மூன்று வேகங்களிலும் ஷட்டரைத் தட்டிக் கேட்பதற்குள் நான் தடுத்தேன். “சுருள் இருக்குப்பா.” பிறகு 1986இல் நடந்ததைச் சொன்னேன். பிறர் குற்றங்களைக் கேட்டுப் பழகிய எனக்கு, என் குற்றத்தைச் சொல்ல நா எழவில்லை. பாதியில் நின்று நின்று சொன்னேன்.

“மெஷின் எண்ணெய் வாசனை அன்னிக்கே தெரிஞ்சுது, தம்பி,” என்றார் அப்பா. “உன்னைத் திட்டியிருந்தா உங்க அம்மாவுக்குத்தான் மனசு கஷ்டமாயிருக்கும்.” சற்று நேரம் பேசாதிருந்தார். “படம் எத்தனை பாக்கி?”

“ரெண்டு, அப்பா.”

“போய் அந்தத் தூணுகிட்ட நில்லு.”

தூரத்தை நானே வளையத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு, தூணருகே போய் நின்றேன். வெயிலை முகத்தால் உணர்ந்து மற்றதை அவர் கணக்கிட்டார்.

படம் சற்றே சாய்ந்திருக்கிறது. முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. வலது மூலையில் மெல்லிய வெண்கீற்று ஒன்று தெரிகிறது. துருத்தியில் நான் காணத் தவறிய துளை இன்னும் ஒன்று இருக்கிறது. அடுத்த சுருளைப் போடுமுன் அதைத் தேடவேண்டும்.